அறுபது பித்தளைக் கூடுகள்

துப்பாக்கிச் சத்தம் எனக்குப் பழகிப்போன ஒன்று. கல்யாணமான இருபத்திரண்டு வருடங்களில் பாதி ஞாயிற்றுக்கிழமைகளை ரைபிள் கிளப்பின் ரேஞ்சில், தகரக் கூரைக்கடியில், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கழித்திருக்கிறேன். காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டு வங்கித் தேர்வுக்குப் படித்ததும் அங்கேதான், பிறகு மகளின் ஸ்வெட்டரைப் பின்னியதும் அங்கேதான். சுடுவது என் கணவருக்குப் பிடித்த விளையாட்டு. ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோவது என் வேலை.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை நான் கேட்டது பழகிய சத்தம் இல்லை. வழக்கமாகச் சாட்டையைச் சொடுக்கியது போல ஒரு வெடிப்பு இருக்கும், அது முன்பக்கமாகப் போய்விடும். அன்று சத்தம் மொத்தையாக, பின்பக்கமாக வந்தது. கூடவே குக்கரின் வெயிட் பிய்த்துக்கொண்டது போல ஒரு சீறல்.

சுட்டவர் என் கணவர் இல்லை. அவருடைய நண்பர். பவானிபூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவருமே அவரை தாதா என்றுதான் கூப்பிடுவோம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டு, யாரோ ரவுடியோடு எங்களுக்கு சகவாசம் என்று சிரிப்பார்கள். இங்கே வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். அவருடைய துப்பாக்கி பழுதுபார்க்கப் போயிருந்ததால், செயலாளர் அனுமதியோடு என் கணவருடையதை வாங்கி, பாயில் குப்புறப் படுத்து முதல் குண்டைச் சுட்டிருந்தார்.

சத்தத்துக்குப் பிறகு அவர் கத்தவில்லை. துப்பாக்கியைப் பாயின் மேல் பதமாக வைத்தார். மெதுவாக எழுந்து முட்டிபோட்டு உட்கார்ந்தார். வலது கன்னம் முழுவதும் மிளகுத்தூளை விசிறியது போலக் கருப்பாக இருந்தது. பக்கத்தில் ஓடிவந்த என் கணவரிடம் மிகவும் நிதானமாகக் கேட்டார்.

“என் கண்ணாடி எங்க?”

பாதுகாப்புக் கண்ணாடி அவர் நெற்றியின் மேல்தான் இருந்தது. பனியில் மங்குகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவரே அதை மேலே தூக்கிவிட்டிருந்தார். அதை நானும் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுப் பின்னல் ஊசியைக் குனிந்து எடுத்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காரின் பின்சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. ரத்தம் அதிகமில்லை. ஒரு சின்ன வெட்டுக்குக்கூட அதைவிட அதிகமாக வரும். அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் “ஆமா, ஆமா” என்று எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பதில் சொன்னார்.

அவர் மனைவியை நாங்கள் பௌதி என்போம், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். சேலையில் கடுகெண்ணெய் வாசனை. ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தோட்டாவுல மருந்து நிரப்புனது யாரு?”

“நான்தான், பௌதி” என்றார் என் கணவர்.

பௌதி தலையை ஆட்டினார்.

விழிக்குள் ஒரு பித்தளைச் சில் போயிருந்தது. கடுகை நாலாக நறுக்கியது போல அத்தனை சின்னது என்று டாக்டர் விரல் நுனியில் காட்டினார். எடுத்துவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்தக் கண்ணுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

இங்கே நான் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டா என்று நாம் சொல்வதில் வெளியே பறந்து போவது முன்னால் இருக்கும் சின்னக் குண்டு மட்டும்தான். மருந்தைத் தாங்கியிருக்கும் பித்தளைக் கூடு துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடும். வெடிக்கும் கணத்தில் அந்தக் கூடு உப்பி உள்சுவரோடு ஒட்டிக்கொள்ளும், புகையும் சூடும் பின்னால் வராமல் அடைக்கும். பிறகு தானே சுருங்கி வெளியே வந்துவிடும். நல்ல பித்தளையாக இருந்தால் அதே கூட்டில் மறுபடியும் மருந்து நிரப்பலாம். ஒன்றைப் பல தடவை பயன்படுத்தலாம். சுடுகிறவரின் முகத்துக்கும் அந்த நெருப்புக்கும் நடுவே இருப்பது விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கூடுதான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் கணவர். கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர்.

அவரிடம் வெளிநாட்டுக் கூடுகள் அறுபது இருந்தன. சுண்டுவிரலைவிடக் குட்டையான, ஒல்லியான கூடுகள். அப்படிப்பட்ட பித்தளை இங்கே லேசில் கிடைக்காது. மருந்து நிரப்பும் வேலை அனுமதி பெற்று கிளப்பின் அறையில் மட்டும்தான் நடக்கும். காலிக் கூடுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றையும் எடை போடுவார். சுவரின் கனத்தை நாலு பக்கமும் அளப்பார். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருந்தால் ஒதுக்கிவிடுவார்.

“பித்தளையெல்லாம் ஒண்ணு இல்ல பாத்துக்கோ” என்பார். “செம்பும் துத்தநாகமும் சரியாச் சேர்ந்து, சரியான சூட்டுல பதப்படுத்தினாத்தான் இது நீண்டு கொடுக்கும். இல்லன்னா ஓடு மாதிரி உடையும்.”

நான் தட்டு வைக்க இடம் கேட்பேன். அவர் கூடுகளை ஓரமாக நகர்த்துவார். எங்கள் ஞாயிறு மத்தியானங்கள் அப்படித்தான் போயின.

விபத்துக்குப் பிறகு கிளப்பில் ஒரு கமிட்டி போட்டார்கள். ரேஞ்ச் மூடப்பட்டது. மிச்சமிருந்த தோட்டாக்களை முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார்கள். எல்லோருடைய சந்தேகமும் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. மருந்து கூடிப்போயிருக்கிறது. நிரப்பியவர் கவனம் தவறிவிட்டார்.

என் சந்தேகமும் அதுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு நாள் காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“நீங்க அறுபதுல நாப்பத நிரப்பினீங்கள்ல, அன்னைக்கு நாகர்கோவில்லருந்து உங்க அக்கா போன் பண்ணுனாங்க. ரொம்ப நேரம் பேசுனேன்னு நீங்களே சொன்னீங்க.”

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“பேசுதப்ப வேலையிலருந்து கைய எடுத்துட்டேன். எடுத்தேன்னுதான் நினைக்கேன்.”

“நினைக்கீங்களா, எடுத்தீங்களா?”

“தெரியல” என்றார். “முன்னாடி தெரிஞ்சிச்சு. எல்லாரும் கேக்க கேக்க இப்ப தெரியல.”

அதற்கு அடுத்த வாரம், தன்னிடம் தவறு நடந்திருக்கலாம் என்று அவரே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். துப்பாக்கியை ஒப்படைத்தார். அளவுக் கருவிகளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். சாப்பாட்டு மேஜை காலியாக இருந்தது. வாரா வாரம் பவானிபூருக்குப் போய் தாதாவுக்குக் கண்ணில் மருந்து விடுவார், மாலைவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், திரும்பி வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அவருக்கு அப்போது எடை குறைந்துகொண்டே வந்தது. குற்றவுணர்ச்சி என்று நினைத்தேன். செய்தவர் அனுபவிக்கத்தானே வேண்டும் என்றுகூட, ஒரே ஒரு தடவை, நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை கமிட்டியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெடித்த கூட்டையும் முத்திரையிட்ட தோட்டாக்களில் சிலவற்றையும் உலோகங்களைச் சோதிக்கும் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் அறிக்கை. நான் தரையில் செய்தித்தாளை விரித்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் மேஜையில் உட்கார்ந்து மடிக்கணினியில் படித்தார். திடீரென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னங்க?”

“மருந்து சரியா இருக்காம்” என்றார். “சோதிச்ச எல்லாத்துலயும் அளவு சரியா இருக்காம். ஒரு இம்மி கூடல.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா போனபோது மட்டும்தான். அன்று மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எனக்குக் கையெல்லாம் வாழைப்பூக் கறை. அவர் முதுகில் புறங்கையை வைத்துத் தடவினேன். அவரைச் சந்தேகப்பட்டேனே என்ற வெட்கத்தோடும் ஒரு பெரிய நிம்மதியோடும் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தார்.

“பித்தளைலதான் கோளாறாம். கூட்டுக்கு உள்பக்கத்துல மயிரிழை மயிரிழையா விரிசல். எல்லாக் கூட்டுலயும் இருக்காம். அமோனியா பட்டு அரிச்சதால வந்த விரிசல்னு போட்டுருக்கு.” திரையில் அந்த வரியை மறுபடி தேடினார். “அமோனியா எங்கருந்து வந்திச்சு? கிளப்ல அப்படி ஒரு சாமானே கிடையாதே.”

அமோனியா என்றதும் எனக்கு ஒரு நெடி ஞாபகம் வந்தது.

நவம்பரில் அவர் கப்பல் சோதனைக்காக விசாகப்பட்டினம் போயிருந்தார். மூன்று வாரம். கார்த்திகைக்காக விளக்குகளையெல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். மேஜை ஓரத்தில் அந்த அறுபது கூடுகளும் ஒரு டப்பாவில் கிடந்தன. புகையேறி, பழுப்பேறி, பார்க்கவே பாவமாக இருந்தன. விளக்கும் பித்தளை, இதுவும் பித்தளை. வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் எல்லாவற்றையும் கொட்டி, பித்தளை பாலிஷைத் தாராளமாக ஊற்றி, மூடிபோட்டுக் குலுக்கினேன். விளக்குகள் முடியும்வரை, மத்தியானம் முழுக்க, அதிலேயே ஊறவிட்டேன். பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி பால்கனி வெயிலில் காயவைத்தேன். ஒவ்வொன்றும் சின்னக் குத்துவிளக்கு போல மின்னியது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் உள்ளேயிருந்து அந்த நெடி அப்போதும் வந்தது. காற்றாடினால் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஊரிலிருந்து வந்து பார்த்து, “அடேயப்பா, தங்கம் மாதிரி இருக்கே” என்றார். நான் சிரித்தேன். எதை வைத்துத் துடைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சமையலறைத் தொட்டிக்கடியில் இருந்த பாலிஷ் டின்னை எடுத்தேன். பின்பக்கத்தில் எறும்பு சைஸில் எழுத்து. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அமோனியா என்ற சொல் மூன்றாவது வரியில் இருந்தது. இருபது வருடமாக அந்த டின்னை வாங்குகிறேன்.

திரும்பி வந்து அதை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்னங்க. அத நாந்தான் செஞ்சேன்.”

அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை, ரத்தமே வடிந்துவிட்டது போல முகம் வெளுத்தது.

“எல்லாத்தையுமா?”

“அறுபதையும்.”

“அதுல இருபத நான் அவங்களுக்குக் குடுத்துருக்கேனே” என்று எழுந்தார்.

அவர் சொன்னது கிளப்பில் சுடும் ஒரு பெண்ணை. முப்பத்தைந்து வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். ஜனவரி தொடக்கத்தில் என் கணவர் அவருக்கு இருபது காலிக் கூடுகளைக் கொடுத்திருந்தார். விபத்துக்குப் பிறகு யாரும் அவற்றைப் பற்றி யோசிக்கவில்லை. கூடுகள் உயர்ந்த ரகம், மருந்தில்தான் தவறு என்று எல்லோரும் நம்பியதால், அவரும் தன் கையால் மருந்தைக் கவனமாக அளந்து நிரப்பினால் போதும் என்றுதான் நினைத்திருப்பார். போட்டிக்காக ரேஞ்சை அந்த வாரம்தான் மறுபடி திறந்திருந்தார்கள். சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சி. அன்று சனிக்கிழமை.

என் கணவர் அவரைப் போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ரேஞ்சில் சுடுகிறவர்கள் போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். செயலாளரைக் கூப்பிட்டார், அவரும் எடுக்கவில்லை. நான் கையைக்கூடக் கழுவாமல் காரில் ஏறினேன். டாக்குரியாவிலிருந்து பைபாஸ் வழியாக விமான நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டும். நான் திரும்பத் திரும்ப இரண்டு நம்பர்களையும் அழுத்திக்கொண்டே இருந்தேன். என் கணவர் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“அந்த நாப்பதுல பன்னெண்ட நானே சுட்டுருக்கேன். தாதா சுட்டது பதிமூணாவது.”

அதை அவர் குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். பன்னிரண்டு தடவை அவர் கன்னம் இருந்த இடத்தை நான் நினைத்துப் பார்த்தேன். மறுபடி நம்பரை அழுத்தினேன்.

ரேஞ்சில் அந்தப் பெண் பாயில் படுத்திருந்தார். என் கணவர் காரை வாசலிலேயே விட்டுவிட்டு, ஐம்பது வயது மனிதர், ஓடினார். “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று வங்காள மொழியில் கத்தினார். ரேஞ்ச் அதிகாரி சிவப்புக் கொடியைத் தூக்கினார். அந்தப் பெண் விரலை எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஏழு சுட்டிருந்தார். எட்டாவது உள்ளே இருந்தது.

சுட்ட ஏழு கூடுகளும் பக்கத்தில் ஒரு கைக்குட்டையில் வரிசையாகக் கிடந்தன. என் கணவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றில், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து பிளந்திருந்தது. ஒன்றில் அடிப்பக்கமாக, சுற்றிலும், நகத்தால் கீறியது போல ஒரு வளையம்.

“இது அடுத்த தடவ ரெண்டா வந்திருக்கும்” என்றார் அதிகாரியிடம்.

“தீதி, என்ன ஆச்சு?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். அக்கா என்பதுபோல அவர் என்னை தீதி என்றுதான் கூப்பிடுவார்.

அங்கேயே சொன்னேன். நின்றபடி, அதிகாரியும் இன்னும் நாலு பேரும் கேட்க, கார்த்திகைக்கு விளக்கு துடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

“கழுத்து பிளந்திருந்தத நானும் பாத்தேன் தீதி” என்றார் பிறகு. “பல தடவ சுட்ட கூடு, அப்படித்தான் ஆகும்னு நினைச்சேன். இந்தப் பித்தளைய யாராவது சந்தேகப்படுவாங்களா?”

மறுநாள் ஆட்டோ பிடித்து பவானிபூர் போனோம். கார்டன் ரீச்சின் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். வங்காளம் என் வாயில் தமிழைவிடச் சுலபமாக வரும். அன்று ஆட்டோவில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன், படியேறியதும் எல்லாம் போய்விட்டது. தாதா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார், கண்ணில் கருப்பு மறைப்பு. பௌதி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் பேச வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நானே சொன்னேன்.

தாதா நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“முப்பது வருஷம் இத நான் பாடமா எடுத்திருக்கேன்மா. வெள்ளைக்காரன் காலத்துல மழைக்காலம் வந்தா பட்டாளத்துத் தோட்டாக் கூடெல்லாம் வெடிச்சுப்போகும். ஏன்னு யாருக்கும் தெரியல. கடைசியில பாத்தா, குதிரை லாயத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்திருக்காங்க. மூத்திரத்துலருந்து வர்ற அமோனியா. வருஷா வருஷம் பசங்க இதக் கேட்டு சிரிப்பாங்க.” அவர் தன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். “அன்னைக்கு உன் வீட்டுக்காரர் தோட்டாவ என் கையில குடுத்தப்ப, என்ன பளபளப்புன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் சொல்லிக்குடுத்ததே எனக்கு ஞாபகம் வரல.”

பௌதி மடித்த துணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். டீ போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கவில்லை. அரை மணி நேரம் இருந்தோம், அவர் வெளியே வரவில்லை. நாங்கள் கிளம்பியபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கமிட்டிக்குக் கொடுத்தேன். என் கணவர் மேலிருந்த பழி நீங்கியது. மீதிக் கூடுகளை அவர்களே நசுக்கி அழித்தார்கள். கூடுகளை இனி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கண்ணாடியைக் கழற்றினால் அந்த நிமிடமே வெளியே போக வேண்டும் என்று விதிகள் வந்தன. என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எல்லோரும், தெரியாமல் நடந்தது என்றார்கள். தெரியாமல் நடந்ததுதான். ஆனால் அந்த நெடி எனக்குத் தெரிந்திருந்தது, அது உள்ளே தங்கியிருந்ததும் தெரிந்திருந்தது.

“உங்களப் போய் சந்தேகப்பட்டேனே” என்று என் கணவரிடம் ஒரு நாள் சொன்னேன்.

“நானே என்னைச் சந்தேகப்பட்டேன். நீ பட்டதுல என்ன?” என்றார். கொஞ்சம் கழித்து, “அறுபதையும் அளந்தேன். எத வச்சுத் துடைச்சன்னு ஒரு வார்த்த கேக்கல” என்றார்.

பௌதி என்னோடு பேசாமல் நாலு மாதம் இருந்தார். நான் போனால் உள்ளே போய்விடுவார். போனில் என் குரல் கேட்டால் தாதாவிடம் கொடுத்துவிடுவார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அந்த வீட்டில் எனக்குத் தண்டனை தந்தவர் அவர் ஒருவர்தான், அது எனக்கு ஒரு விதத்தில் தேவையாக இருந்தது.

ஜூலையில், விடாத மழையில், வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது அவரே கூப்பிட்டார்.

“அந்தக் கூடு இருக்கா?”

“எது பௌதி?”

“வெடிச்சது. எனக்கு அதப் பாக்கணும்.”

ஆய்வகம் அதை நீளவாக்கில் அறுத்து, கண்ணாடி போன்ற ஒரு வில்லையில் பதித்து, கமிட்டிக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த நாள் மத்தியானம் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். தாதா தூங்கிக்கொண்டிருந்தார். பௌதி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வெளிச்சத்தில் வில்லையைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. என் கைப்பையிலிருந்த குண்டூசியின் முனையால் காட்டினேன். உள்சுவரிலிருந்து கிளம்பி, கிளை பிரிந்து, வெளிச்சுவரை எட்டியிருந்த ஒரு கோடு. தலைமுடியைவிட மெலிது. வில்லையைக் கொஞ்சம் சாய்த்தால் மறைந்துவிடும்.

“எய்டுகு?” என்றார் பௌதி. இவ்வளவுதானா.

“இவ்வளவுதான்.”

அவர் அதைச் சாய்த்தார், நேராக்கினார், மறுபடி சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் அதன் மேலிருந்த தன் விரல் ரேகையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“நான் இத ஏதோ பெருசான்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். “மனசுல ஒரு ஓட்டை மாதிரி வெச்சிருந்தேன்.”

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். வெளியே மழை பால்கனிக் கம்பிகளில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் தாதா விழித்துக்கொண்டு, யார் வந்திருக்கிறது என்று குரல் கொடுத்தார். பௌதி அலமாரியைத் திறந்து மருந்துச் சொட்டு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நாலு மணி சொட்டு. நீயே போய் விடு” என்றார்.